வட்டு, எண், கணக்கு: அலுவலக மென்பொருள் கணினி மாறிய வரலாறும் ஜங்லிகாட்டின் ஆவணங்களும்

சற்று நீண்ட பதிவு. தொழில்நுட்ப வரலாறு, ஆவணவியல், வட்டார வரலாறு ஆகியவற்றைப் பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019 ஆகிய அலுவலக மென்பொருள் தொகுப்புகளுக்கான ஆதரவும் அதே நாளில் முடிந்தது. விண்டோஸ் 11 தனக்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும் என்கிறது. அவ்வசதி இல்லாத பழைய கணினிகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அவற்றுக்கு அந்த வாயில் அடைபட்டுவிட்டது. எனவே பல்கலைக்கழகத் துறைகளிலும் பள்ளிகளிலும் சிறு சங்கங்களிலும் ஒரே கேள்வி எழுகிறது: காசு கொடுத்து வாங்கிய அலுவலக மென்பொருளைப் பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்குக் கொண்டுபோகலாமா?

கணினிக் கடைக்காரர் ஒருவர் ஆம் என்பார். இன்னொருவர் இல்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். 'வாங்கினேன்' என்று நாம் சொல்லும்போது கைக்கு வந்த பொருள் எது என்பது கடந்த நாற்பது ஆண்டுகளில் மூன்று வடிவங்கள் எடுத்திருக்கிறது. முதலில் அது ஒரு வட்டு. பின்னர் ஓர் எண். இப்போது ஒரு கணக்கு. ஒவ்வொரு வடிவத்திலும் இடம்பெயரும் உரிமை வேறு, அதற்கு வேண்டிய வசதியும் வேறு. அம்மூன்று வடிவங்களின் வரலாற்றை அந்தமானின் ஜங்லிகாட்டில் நின்று பார்க்க இக்கட்டுரை முயல்கிறது. முன்வைக்கும் கருத்து இதுதான்: மென்பொருள் உரிமம் என்பது, கணினி நெடுநாள் உழைக்கும் என்றும் தொடர்பு எப்போதும் கிடைக்கும் என்றும் எண்ணிக்கொண்டு எழுதப்பட்ட ஒப்பந்தம். அவ்விரண்டும் பொய்க்கும் இடத்தில் மென்பொருளை மறுபடியும் வாங்கிவிடலாம். அதில் எழுதிவைத்த தமிழ் ஆவணத்தை மறுபடியும் வாங்க முடியாது.

1. ஏன் ஜங்லிகாட்?

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி ஜங்லிகாட். மீன்பிடிப் படகுகள் வந்தணையும் துறை அங்குள்ளது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 380,581 பேர் வாழ்ந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தமிழைத் தாய்மொழியாகக் கூறியவர். வங்காளி, இந்தி ஆகியவற்றுக்கு அடுத்த இடம் தமிழுக்கு. நிர்வாகத்தின் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடக்கிறது. தமிழ் வாழ்வது பள்ளிகளிலும், கோயில் விழா அழைப்பிதழ்களிலும், சங்கங்களின் கூட்டக் குறிப்புகளிலும், உள்ளூர்த் துண்டறிக்கைகளிலும்தான். ஆகவே தீவுத் தமிழர் வரலாற்றை நாளை எழுதப்போகிறவருக்கு அரசு ஆவணக் காப்பகம் மட்டும் போதாது. தெருவோரத் தட்டச்சகத்தின் கணினியும் சங்க அலுவலகத்தின் கணினியும் அவருக்கு மூல ஆவணங்களே.

அக்கணினிகள் வாழும் சூழல் கடுமையானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. ஆண்டு முழுதும் ஈரக்காற்று. துறையோரத்தில் உப்பும் சேரும். மின்சுற்றுப் பலகைகளின் செப்புத் தடங்களும் இணைப்பு முனைகளும் அரிக்கப்படுவதற்கு வேறென்ன வேண்டும்? மாற்று உதிரி சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கடல் கடந்து வரவேண்டும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 1,200 கிலோமீட்டர். பயணிகள் கப்பலுக்கு ஏறத்தாழ மூன்று நாள். இத்தகைய இடத்தில் கணினி மாற்றுவது வசதிக்காகச் செய்யும் காரியமன்று. அடிக்கடி நேரும் கட்டாயம். உரிமம் எத்தனை முறை, எப்படி இடம்பெயரலாம் என்னும் விதி இங்கேதான் உண்மையான சோதனைக்கு உள்ளாகிறது.

2. மென்பொருள் விற்பனைப் பொருளான கதை

மென்பொருளுக்குத் தனி விலை என்பதே பழமையான வழக்கமன்று. 1969 ஜூன் 23ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் கணினிகளோடு சேர்த்தே அளித்துவந்த மென்பொருளையும் சேவைகளையும் இனித் தனியே விலையிடப்போவதாக அறிவித்தது. அதுவரை பெருங்கணினி வாங்கியவருக்கு நிரல் உடன்வரும் பொருள். 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு எழுதிய வெளிப்படைக் கடிதம் இன்னொரு திருப்பம். அல்டேர் கணினிக்காகத் தம் நிறுவனம் எழுதிய பேசிக் மொழி நிரலைப் பணம் கொடுக்காமல் நகலெடுக்கிறார்கள் என்பது அக்கடிதத்தின் முறையீடு. பொருளை விற்பதா, பயன்படுத்தும் அனுமதியை விற்பதா என்னும் குழப்பத்திற்கு உரிமம் என்னும் விடை கிடைத்த காலம் அது.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இடம்பெற்றது. இலக்கியப் படைப்பு என்னும் வகையில் அது சேர்க்கப்பட்டது. கம்பராமாயணப் பதிப்பும் கணக்குப் பதிவு நிரலும் சட்டத்தின் கண்ணில் ஒரே குடும்பமாயின. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் பிரிவு 52இல் ஒரு விலக்கைச் சேர்த்தது. நிரலின் பிரதியை முறையாகக் கையில் வைத்திருப்பவர், அது எந்த நோக்கத்திற்காக வழங்கப்பட்டதோ அந்நோக்கத்திற்காக அதனைப் பிரதி எடுக்கலாம். இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றிலிருந்து தற்காலிகப் பாதுகாப்புக்காகக் காப்புப் பிரதியும் எடுக்கலாம். பூஞ்சை பிடிக்கும் நெகிழ்வட்டுகளோடு வாழ்ந்த தீவு அலுவலகத்திற்கு இதைவிடப் பொருத்தமான விதி இராது. ஆயினும் சட்டம் அனுமதிப்பதை எந்திரம் அனுமதிக்குமா என்பது வேறு கேள்வி.

3. வட்டின் காலம்

1980களில் அலுவலக மென்பொருள் என்பது பெட்டியில் வந்த நெகிழ்வட்டுகளும் ஒரு கையேடும். 1983 ஜனவரியில் வெளியான லோட்டஸ் 1-2-3 போன்றவை 'சாவி வட்டு' முறையைக் கையாண்டன. நகலெடுக்க இயலாதபடி குறியிடப்பட்ட மூல வட்டு செருகப்பட்டிருந்தால்தான் நிரல் தொடங்கும். இதில் ஒரு நேர்மை இருந்தது: வட்டு எந்தக் கணினியில் இருக்கிறதோ அந்தக் கணினியில் உரிமம் இருக்கிறது. கணினியை மாற்றுவதென்றால் வட்டை எடுத்துச் செல்வது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. குறையும் அதிலேயே இருந்தது. வட்டு பழுதானால் உரிமமும் பழுதாயிற்று. வாடிக்கையாளர் எதிர்ப்பினால் அப்பத்தாண்டின் இறுதிக்குள் பெரும்பாலான அலுவலக மென்பொருள் நிறுவனங்கள் அம்முறையைக் கைவிட்டன.

அதே காலத்தில் போர்லாண்ட் நிறுவனம் தன் மென்பொருளுக்கு அளித்த உரிமம் வரலாற்று மாணவர்கள் கவனிக்கத் தக்கது. மென்பொருளைப் புத்தகம்போல் கருதுங்கள் என்றது அது. பலர் பயன்படுத்தலாம், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாராளமாக மாற்றலாம்; ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இயங்கக்கூடாது, அவ்வளவே. ஒரு நூலை ஒரே வேளையில் இருவர் இரு வீடுகளில் வாசிக்க முடியாது என்னும் எளிய உவமையே அங்கு சட்டமாயிற்று. இடம்பெயரும் உரிமை இதைவிடத் தெளிவாகச் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை. பின்னாளில் வந்த ஒவ்வோர் ஏற்பாட்டையும் இந்தப் புத்தக உவமையிலிருந்து எவ்வளவு தூரம் விலகியது என்று அளந்து பார்க்கலாம்.

4. தமிழுக்கு வந்த பூட்டு

இந்திய மொழி மென்பொருளில் வட்டின் காலம் வேறொரு வடிவில் நீடித்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்து சி-டாக் நிறுவனத்தின் வழியே பரவிய ஜிஸ்ட் அட்டை, கணினிக்குள் செருகப்படும் ஒரு வன்பொருள். இந்திய எழுத்துகளைத் திரையில் காட்டும் திறனே அந்த அட்டையில்தான் இருந்தது. அட்டையைக் கழற்றிப் புதிய கணினியில் பொருத்தினால் மொழியும் கூடவே போகும். புதிய கணினியில் அதற்கான செருகுவாய் இல்லையென்றால் மொழி போகாது. பின்னர் வந்த சி-டாக்கின் ஐ.எஸ்.எம்., புனேயின் மாடுலர் இன்போடெக் நிறுவனத்தின் ஸ்ரீலிபி முதலிய தொகுப்புகள் டாங்கிள் எனப்படும் வன்பொருள் பூட்டோடு விற்கப்பட்டன. அச்சுப்பொறியை இணைக்கும் பேரலல் போர்ட்டில் செருகப்படும் சிறு பெட்டி அது. பூட்டு இல்லையேல் நிரல் ஓடாது.

அச்சகத் தொழிலை அறிந்தவர்களுக்குப் பின்விளைவு நினைவிருக்கும். 2000களின் பிற்பாதியில் புதிய கணினிகளிலிருந்து பேரலல் போர்ட் மறையத் தொடங்கியது. பூட்டு பத்திரமாக இருந்தது. அதைச் செருகும் துளை இல்லை. தமிழ் அச்சகங்கள் பல, ஒரு பழைய கணினியை ஸ்ரீலிபிக்காக மட்டுமே ஓரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அதனினும் ஆழமான பூட்டு எழுத்துருவில் இருந்தது. ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அலுவலகக் கணினிகளில் அது இயல்பாக இயங்கியது விண்டோஸ் 2000, எக்ஸ்.பி. ஆகியவற்றின் வரவுக்குப் பிறகே. இடைப்பட்ட காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களே ஆட்சி செய்தன. பாமினி ஒரு முறை, மயிலை ஒரு முறை, நிறுவனத்திற்கு ஒரு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. இணையத்தில் இயங்கிய தமிழர்களோ டிஸ்கி என்னும் தகுதரத்தை வளர்த்தார்கள். ஒருங்குறியைத் தமிழக அரசு அதிகாரபூர்வமாக ஏற்றது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி.

இதன் பொருள் என்ன? 2010க்கு முன் தட்டச்சான ஒரு தமிழ்க் கோப்பில் பெரும்பாலும் தமிழ் இல்லை. கோப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். தமிழாகக் காட்டுவது எழுத்துரு. எழுத்துரு எந்த மென்பொருளோடு வந்ததோ அதன் உரிமம் இடம்பெயரவில்லையெனில், கோப்பு இடம்பெயர்ந்தும் பயனில்லை. திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும்.

5. எண்ணின் காலம்

2001இல் வெளியான ஆபிஸ் எக்ஸ்.பி., அதே ஆண்டு அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி. ஆகியவற்றோடு ஆக்டிவேஷன் என்னும் நடைமுறை பரவலாயிற்று. குறுவட்டை எவரும் நகலெடுக்கலாம். ஆனால் 25 எழுத்தெண்கள் கொண்ட புராடக்ட் கீயை உள்ளிட்டபின், நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். உரிமம் வட்டிலிருந்து விலகி எண்ணில் குடியேறியது.

நடைமுறை இப்படி இயங்கியது. கணினியின் செயலி, வன்தட்டு, பிணைய அட்டை, நினைவகம் முதலிய உறுப்புகளின் அடையாளங்களிலிருந்து மென்பொருள் ஒரு சுருக்கக் குறியைக் கணக்கிடும். புராடக்ட் கீயும் அக்குறியும் சேர்ந்து ஒரு நிறுவல் எண்ணாகும். இணையம் இருந்தால் அது தானே சென்று ஒப்புதலோடு திரும்பும். இணையம் இல்லையேல் தொலைபேசி: விண்டோஸ் எக்ஸ்.பி.யில் 50 இலக்கங்களை வாசித்துக் காட்டி, மறுமுனையிலிருந்து வரும் 42 இலக்கங்களைப் பிழையின்றி உள்ளிட வேண்டும். உறுப்புகள் ஓரளவுக்கு மேல் மாறினால் மென்பொருள் அதைப் புதிய கணினி என்று கருதி மீண்டும் ஒப்புதல் கேட்கும்.

இந்த ஏற்பாட்டில் கணினியின் அடையாளம் என்பது அதன் உறுப்புகளின் கூட்டு. வன்தட்டும் மதர்போர்டும் பிணைய அட்டையும் உப்புக்காற்றில் ஒவ்வொன்றாகப் பழுதாகி மாற்றப்படும் ஊரில் அந்த அடையாளம் மெல்ல மெல்லக் கரையும். உரிமையாளர் அவரே, மேசை அதுவே, உரிமச் சான்று ஒட்டிய பெட்டியும் அதுவே. மென்பொருளுக்கு மட்டும் அது அந்நியக் கணினி.

எண்ணின் காலத்திலேயே இருவகை உரிமங்களின் வேறுபாடும் கூர்மையடைந்தது. தனியே பெட்டியில் விற்கப்பட்ட சில்லறை உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் நிறுவலாம். கணினியோடு சேர்த்து மலிவாக விற்கப்பட்ட ஓ.ஈ.எம். உரிமமோ அக்கணினியோடு பிறந்து அக்கணினியோடு மடிவது. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும், ஒரே வேலையைச் செய்யும். வேறுபாடு தெரியவருவது கணினி இறந்தபின்தான். விலை குறைவு என்பதற்காக ஓ.ஈ.எம். உரிமத்தை வாங்கியவர், கணினி விரைவில் பழுதாகும் சூழலில் வாழ்ந்தால், அந்த மலிவுக்கான விலையைப் பிற்பாடு கொடுக்கிறார்.

6. கணக்கின் காலம்

2011 ஜூனில் ஆபிஸ் 365 சந்தா சேவை தொடங்கியது. 2013ஆம் ஆண்டுத் தொகுப்பில் வட்டுக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஓர் அட்டை. அதிலுள்ள எண்ணை இணையத்தில் ஒரு கணக்கோடு இணைக்க வேண்டும். உரிமம் எண்ணிலிருந்து கணக்குக்குக் குடிபெயர்ந்தது.

இடம்பெயரும் உரிமையின் வரலாற்றில் 2013 ஒரு முக்கிய ஆண்டு. ஆபிஸ் 2013 வெளியானபோது அதன் சில்லறை உரிமமும் முதலில் நிறுவிய ஒரே கணினிக்கு மட்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது. உத்தரவாதக் காலத்தில் கணினி பழுதானால் மட்டும் விலக்கு. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சில வாரங்களிலேயே, அவ்வாண்டு மார்ச் மாதத்தில், மைக்ரோசாப்ட் விதியை மாற்றியது: சில்லறை உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றலாம், ஆனால் 90 நாளுக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது. இன்று நாம் இயல்பானதாகக் கருதும் உரிமை, நுகர்வோர் குரல் எழுப்பிப் பெற்றது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

சந்தா முறையில் கணினி மாற்றம் மிக எளிது. பழையதில் வெளியேறிப் புதியதில் உள்நுழைந்தால் போதும். உறுப்பு மாறியதா என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் மென்பொருள் ஏறத்தாழ மாதம் ஒருமுறையேனும் இணையத்தோடு பேசித் தன் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தவறினால் கோப்பைப் பார்க்கலாம், திருத்த இயலாது. சந்தா நின்றாலும் அதே நிலை. கணினியோடு இருந்த கட்டு தளர்ந்தது. தொடர்போடு ஒரு கட்டு இறுகியது.

தீவுகளின் நிலையை இங்கே பொருத்திப் பாருங்கள். 2020 வரை அந்தமானின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. அதன் அலைவரிசை குறைவு, விலை அதிகம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், ஸ்வராஜ் த்வீப், ரங்கத், லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய ஏழு தீவுப் பகுதிகளுக்கும் செல்லும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கண்ணாடி இழைத் தடத்திற்கு 2018 டிசம்பர் 30ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் அது தொடங்கிவைக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். கணக்கின் காலம் உலகில் 2011இல் தொடங்கியது என்றால், ஜங்லிகாட்டில் அது நடைமுறைக்கு உகந்ததாகியது 2020க்குப் பிறகே. அந்த ஒன்பது ஆண்டு இடைவெளியில் அங்குள்ள அலுவலகங்களுக்கு ஏற்றதாக இருந்தது பழைய எண்ணின் உரிமமே. சந்தையோ அதைக் குறைத்துக்கொண்டே வந்தது.

7. நீதிமன்றங்கள் சொன்னது

வாங்கியவரிடம் உள்ளது பொருளா, அனுமதியா என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் குறைந்தது இருமுறை தொட்டிருக்கிறது. இரண்டும் வரி வழக்குகள். டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில் 2004 நவம்பரில், வட்டில் பதிந்து விற்கப்படும் ஆயத்த மென்பொருள் சரக்கே என்று தீர்ப்பளித்தது. எஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில் 2021 மார்ச்சில், ஆயத்த மென்பொருளை வாங்குவோர் பெறுவது பதிப்புரிமையை அன்று, பதிப்புரிமைக்கு உட்பட்ட ஒரு பொருளையே என்றது. புத்தக உவமை வேறு வாசல் வழியே திரும்பி வந்தது எனலாம்.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் மறுவிற்பனையையே நேரடியாக ஆராய்ந்தது. 2012 ஜூலையில் யூஸ்டுசாப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில், காலவரையற்ற உரிமத்தோடு விற்ற மென்பொருளை, அது பதிவிறக்கமாகவே பெறப்பட்டிருந்தாலும், முதல் வாங்குநர் தம் பிரதியை நீக்கிவிட்டு மற்றவருக்கு விற்கலாம் என்றது. 2016 அக்டோபரில் லாட்வியாவிலிருந்து வந்த மைக்ரோசாப்ட் தொடர்பான வழக்கில், மூல வட்டு சேதமடைந்து போயிருந்தாலும் அதன் காப்புப் பிரதியை உரிமையாளரின் அனுமதியின்றி மற்றவருக்கு விற்க முடியாது என்று வரம்பிட்டது. அமெரிக்காவில் 2010இல் வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு, உரிமம் கடுமையான கட்டுப்பாடுகளோடு அமைந்தால் வாங்கியவர் உரிமையாளரே அல்லர் என்றது. ஒரே மென்பொருள்; நாட்டுக்கொரு விடை. அன்றாடத்தில் இவ்விவாதங்களைவிட ஒப்பந்த வாசகமும் ஆக்டிவேஷன் வழங்கியும்தான் முடிவு செய்கின்றன என்பதும் உண்மை.

8. வேறு வழி இருந்ததா?

இருந்தது. இடம்பெயர அனுமதியே கேட்காத மென்பொருள்கள் அவை. 2000களின் பிற்பாதியில், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்சுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாறியது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்திய மொழிகளை முன்னிறுத்தியது. 2010இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து கிளைத்த லிப்ரே ஆபிஸ் இன்றும் தொடர்கிறது. கோப்பு வடிவத்திலும் போட்டி நடந்தது: ஓ.டி.எப். 2006இலும், மைக்ரோசாப்டின் ஓ.ஓ.எக்ஸ்.எம்.எல். 2008இலும் பன்னாட்டுத் தரங்களாயின. இரண்டாவதற்கு இந்தியத் தர நிறுவனம் எதிர்ப்பு வாக்களித்தது.

திறந்த மென்பொருள் உரிமப் பூட்டைத் திறக்கும். எழுத்துருப் பூட்டைத் தானாகத் திறக்காது. பாமினியில் எழுதிய கோப்பு லிப்ரே ஆபிஸிலும் பாமினி இல்லாமல் ஆங்கிலக் குவியலே. ஆகவே இதை உரிமைகொண்ட மென்பொருளுக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் இடையிலான போராக மட்டும் எழுதினால் தமிழின் தனிச்சிக்கல் விடுபட்டுப்போகும்.

9. ஆய்வாளருக்கு இதில் என்ன வேலை?

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிக்கொள்வோம். ஜங்லிகாட் துறையருகே ஒரு சிறு சங்கம். 2006இல் வாங்கிய கணினி, அதனோடு வந்த ஓ.ஈ.எம். அலுவலக மென்பொருள், நண்பர் ஒருவர் சென்னையிலிருந்து கொண்டுவந்த தமிழ் எழுத்துருத் தொகுப்பு. உறுப்பினர் பட்டியல், ஐஸ் கட்டிக்கும் டீசலுக்கும் செய்த செலவு, 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இழந்த படகுகளுக்காக எழுதிய மனுக்களின் தமிழ் வரைவுகள், ஆண்டுக் கூட்டத் தீர்மானங்கள். மதர்போர்டு போகிறது. புதிய கணினி வருகிறது. வன்தட்டிலிருந்து கோப்புகளை ஒருவர் நகலெடுத்துத் தருகிறார். மென்பொருள் வரவில்லை, எழுத்துருவும் வரவில்லை. கோப்புகளைத் திறந்து பார்த்த செயலாளர், இவை கெட்டுவிட்டன என்று முடிவுசெய்து அழித்துவிடுகிறார். அவை கெடவேயில்லை. இதுவே நான் அஞ்சும் இழப்பு. கறையான் அரித்த ஏட்டுக்குத் தூளாவது மிஞ்சும். இவ்விழப்புக்கு அடையாளமே மிஞ்சாது, எந்தக் காப்பகப் பட்டியலிலும் அது பதிவாகாது.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்களுக்குச் சில பரிந்துரைகள்:

அ. ஒரு சங்கத்திலோ அச்சகத்திலோ பழைய கணினியைக் கண்டால் கோப்புகளோடு எழுத்துருக் கோப்புறையையும் நகலெடுக்க அனுமதி கேளுங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் குறியாக்கத்தைக் கண்டறிந்துவிடலாம்.

ஆ. கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் முன் மூலத்தை மாற்றாமல் தனியே வையுங்கள். மாற்றிகள் ஒற்றெழுத்திலும் கொம்பு, கால் வரிசையிலும் பிழை செய்வதுண்டு. மூலம் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

இ. கணினி இன்னும் இயங்குகிறது என்றால், அதிலேயே கோப்பைத் திறந்து பி.டி.எப். ஆக்குங்கள், அல்லது அச்சிடுங்கள். பக்கத்தின் தோற்றத்திற்கு அதுவே சாட்சி.

ஈ. மென்பொருளின் பெயர், பதிப்பு, உரிம வகை, கணினி வாங்கிய ஆண்டு ஆகியவற்றை ஆவண விவரிப்பில் குறியுங்கள். ஓலைச்சுவடிக்கு ஏட்டின் அளவையும் எழுத்தமைதியையும் குறிப்பதற்கு நிகரானது இது.

உ. புதிய கணினிக்கு மாறப்போகும் சங்கத்தாரிடம், பழையதை விற்கும் முன் சில்லறை உரிமமாயின் அதை நீக்கவும், கணக்கு எவர் பெயரில் உள்ளது என்று எழுதிவைக்கவும் சொல்லுங்கள். செயலாளர் தம் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கு, அவர் பொறுப்பு விலகும்போது அவரோடே போய்விடும். வட்டின் காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. வட்டு பீரோவில் இருந்தது.

வட்டிலிருந்து எண்ணுக்கும், எண்ணிலிருந்து கணக்குக்கும் உரிமம் நகர்ந்தபோது ஒவ்வொரு முறையும் இடம்பெயர்தல் எளிதாகிறது என்றே சொல்லப்பட்டது. நகரத்தில், நல்ல தொடர்போடு, ஒருங்குறியில் எழுதுபவருக்கு அது உண்மையும்கூட. துறையோரத்தில், உப்புக்காற்றில், பழைய எழுத்துருவில் எழுதிவைத்தவருக்கு ஒவ்வொரு மாற்றமும் ஒரு வடிகட்டி. எது கடந்து வந்தது, எது நின்றுவிட்டது என்பதைக் கணக்கெடுக்க இன்னும் காலம் இருக்கிறது. விண்டோஸ் 10 கணினிகள் கழித்துக்கட்டப்படும் இந்த ஓரிரு ஆண்டுகளே அக்காலம்.

அந்தமானிலோ, நிக்கோபாரிலோ, தமிழகக் கடலோர ஊர்களிலோ இத்தகைய கணினிகள் இன்னும் இயங்குவதை அறிந்தவர்கள், எந்த எழுத்துரு, எந்தத் தொகுப்பு என்பதை மட்டும் பின்னூட்டத்தில் தெரிவித்தால் உதவியாக இருக்கும். ஆட்களின் பெயரோ முகவரியோ வேண்டாம்.